உயிலில் யார் யார்? சாட்சி, பயனாளி, நிர்வாகி

[காட்சி: செந்தூல் அடுக்குமாடி வீடு. மேசைமேல் உயில், பேனா.]

செந்தூலில் ஓர் அம்மா இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கணவரும் பெற்றோரும் இல்லை. ஒரு மகன், ஒரு மகள். கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் மகளுக்கே வீடு போக வேண்டும் என்று உயில் எழுதுகிறார். பக்கத்து வீட்டுக்காரரும் மகளின் கணவரும் சாட்சிக் கையெழுத்துப் போடுகிறார்கள்.

மருமகன் போட்ட அந்தக் கையெழுத்தால், மகளுக்கு எழுதிய வீடு அந்த மகளுக்குப் போகாது.

[திரையில்: சாட்சி]

மலேசியாவில் முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1959 உயில் சட்டப்படி இரண்டு சாட்சிகளாவது வேண்டும். உயில் எழுதுபவர் கையெழுத்திடும்போது இருவரும் ஒரே நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று அவர்கள் படிக்கத் தேவையில்லை. ஆனால் சாட்சிக்கோ, சாட்சியின் கணவன் அல்லது மனைவிக்கோ அந்த உயிலில் எழுதிய பங்கு செல்லாது. உயிலின் மற்ற பகுதி அப்படியே நிற்கும். அதனால் சொத்தில் சம்பந்தமே இல்லாத ஆட்களைச் சாட்சியாகக் கூப்பிடுங்கள்.

[திரையில்: பயனாளி, எஞ்சிய சொத்து]

சரி, அந்த வீடு இப்போது யாருக்கு? சொத்தைப் பெறுபவர் பயனாளி. தனித்தனியாகப் பெயர் சொல்லிக் கொடுத்ததுபோக மிஞ்சுவது எஞ்சிய சொத்து. "மீதியெல்லாம் இன்னாருக்கு" என்று ஒரு வரி இருந்தால், வீடு அவருக்குப் போகும். அந்த வரி இல்லையென்றால் 1958 பங்கீட்டுச் சட்டம் வந்துவிடும். வீடு மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி. அந்த ஒரு வரியை விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

உயிலே எழுதாமல் போனாலும் இதே சட்டம்தான். கணவர் இறந்தால் எல்லாம் மனைவிக்கு என்று நம்மில் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூவரும் இருந்தால் மனைவிக்குக் கால்பங்கு, பிள்ளைகளுக்கு அரைப்பங்கு, பெற்றோருக்குக் கால்பங்கு.

[திரையில்: நிர்வாகி, புரொபேட்]

உயிலில் சொன்னதை நிறைவேற்றுபவர் நிர்வாகி. லாயர்கள் எக்ஸிகியூட்டர் என்பார்கள். கடனை அடைப்பது, வங்கிக் கணக்கை மூடுவது, வீட்டைப் பெயர் மாற்றுவது எல்லாம் அவர் பொறுப்பு. சாட்சிக்கு இருக்கும் தடை இவருக்கு இல்லை, பயனாளியே நிர்வாகியாகவும் இருக்கலாம். அந்த அம்மா தன் மகளையே நிர்வாகியாகப் போட்டிருந்தால் ஒரு சிக்கலும் இல்லை.

நிர்வாகி உயிலோடு உயர் நீதிமன்றத்துக்குப் போய் வாங்கும் ஆணைதான் புரொபேட். பொதுவாக அது கைக்கு வந்த பிறகுதான் வங்கி பணத்தை விடுவிக்கும், நில அலுவலகம் பெயரை மாற்றும். உயில் இல்லாத குடும்பம் சொத்தை நிர்வகிப்பதற்கான அனுமதிப் பத்திரத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். யார் பொறுப்பேற்பது என்று உடன்பிறப்புகளுக்குள் பேசி முடிப்பதிலேயே பல மாதங்கள் ஓடிவிடும்.

பிள்ளைகள் 18 வயதுக்குக் கீழே என்றால் இன்னும் இரண்டு பேர் வேண்டும். பிள்ளையை வளர்ப்பவர் பாதுகாவலர், பிள்ளையின் பங்கைக் காப்பவர் அறங்காவலர். இரண்டும் ஒருவராகவே இருக்கலாம்.

[திரையில்: நியமனதாரர்]

இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தைப் பெறுபவர் இவர் என்று அங்கே பெயர் கொடுப்பதுதான் நாமினேஷன்; அந்தப் பெயருக்குரியவர் நியமனதாரர். இபிஎஃப்-இல் நாமினேஷன் செய்திருந்தால் உயிலில் வேறு பெயர் எழுதினாலும் அது எடுபடாது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு, நியமனதாரரே அந்தப் பணத்துக்கு உரியவர். கல்யாணத்துக்கு முன்னால் போட்ட பெயரே இன்னும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

அப்புறம், கல்யாணம் என்றதும் இன்னொன்று. திருமணம் செய்துகொண்டால் அதற்கு முன் எழுதிய உயில் ரத்தாகிவிடும், அந்தத் திருமணத்தை மனத்தில் வைத்தே எழுதியதாகக் குறிப்பிட்டிருந்தால் தவிர. விவாகரத்து உயிலை ரத்து செய்யாது. பிரிந்துபோனவர் பெயர் அதிலேயே இருக்கும், நீங்கள் புது உயில் எழுதும் வரைக்கும்.

புரொபேட்டுக்கு மூல உயில் வேண்டும். அதை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று நிர்வாகியிடம் சொல்லிவையுங்கள்.