பாயா கோட்டையில் ஒரு சுண்ண முகம்

எல்லோருக்கும் வணக்கம். இத்தாலிக்குப் போய் வந்தவர் ரோமைப் பற்றியும் பொம்பெயி நகரைப் பற்றியும் பேசுவார் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நான் பேச வந்தது நேப்பிள்ஸுக்கு மேற்கே, கடலோரத்தில் இருக்கும் பாயா என்ற சிற்றூரைப் பற்றி. அங்கே பாறை முனையில் ஒரு கோட்டை. கோட்டைக்குள் தொல்பொருள் அருங்காட்சியகம். உள்ளூர் வழிகாட்டி அம்மா ஒருவரோடு அதைச் சுற்றிப் பார்த்தேன்.

கோட்டையின் கதை சுருக்கமானதுதான். நேப்பிள்ஸை ஆண்ட அரகோன் அரசர்கள் 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டினார்கள். 1538இல் பக்கத்திலேயே எரிமலை வெடித்து, சில நாட்களில் ஒரு மலையே முளைத்தது. இன்றும் அதற்குப் புதுமலை என்றுதான் பெயர். அதன்பிறகு ஸ்பானிய ஆளுநர் பெத்ரோ தெ தொலேதோ கோட்டையைப் புதுப்பித்துப் பெரிதாக்கினார். 20ஆம் நூற்றாண்டில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கு அது இல்லமாக இருந்தது. 1993இல் அருங்காட்சியகம் திறந்தது.

அந்த ஊரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் முதலில் நிலத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அங்கே பூமி மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். அடியில் எரிமலை இருக்கிறதல்லவா? 1982 முதல் 1984 வரை, பக்கத்து ஊரான பொத்சுவோலியில் தரை ஏறத்தாழ 1.8 மீட்டர் உயர்ந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அதே ஊரில் ரோமானியர் காலச் சந்தை ஒன்று இருக்கிறது. அதன் மூன்று தூண்களிலும், நம் தலைக்கு மேலே, கல்லைத் துளைக்கும் கடல் சிப்பிகள் குடைந்த ஓட்டைகளைப் பார்க்கலாம். அந்தத் தூண்கள் ஒரு காலத்தில் கடலுக்குள் இறங்கி, மறுபடி மேலே வந்திருக்கின்றன.

பாயாவில் இறங்கியதெல்லாம் மேலே வரவில்லை. ரோமானியப் பணக்காரர்களின் மாளிகைகள் இன்னும் தண்ணீருக்கடியில் கிடக்கின்றன. அவற்றில் ஒன்று, கிளாடியஸ் பேரரசரின் விருந்து மண்டபம். 1969இல் கடலடியில் இரண்டு சிலைகள் கண்ணில் பட்டன. 1980களின் தொடக்கத்தில் முறையாகத் தோண்டினார்கள். இப்போது அந்தச் சிலைகளைக் கோட்டைக்குள், மண்டபத்தில் நின்ற அதே வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள். ஒற்றைக்கண் அரக்கனுக்கு மதுக் கிண்ணத்தை நீட்டும் கிரேக்கக் காவிய நாயகன் யுலிஸஸ், தோல்பை நிறைய மதுவோடு அவன் தோழன். அரக்கன் சிலை மட்டும் கிடைக்கவில்லை. யுலிஸஸின் உடம்பைச் சிப்பிகள் அரித்திருக்கின்றன. ஆனால் கிளாடியஸின் தாய் அந்தோனியாவின் சிலை மழமழவென்று இருக்கிறது. மணலில் புதைந்த கல் தப்பித்தது, தண்ணீர் பட்ட கல் அரிபட்டது என்று வழிகாட்டி சொன்னார்.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நின்றுவிட்டேன். இந்தக் கிளாடியஸின் காலத்தில்தான் இலங்கையிலிருந்து நான்கு தூதர்கள் ரோமுக்குப் போனார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். செங்கடல் வரிக் குத்தகைக்காரர் ஒருவரின் ஆள் காற்றில் அடித்துச் செல்லப்பட்டு இலங்கையில் கரை சேர்ந்ததுதான் அதற்குத் தொடக்கம். அந்தப் பிளினி பிற்காலத்தில் கடற்படைத் தளபதியாக இருந்த மிசேனம் துறைமுகம், கோட்டையிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம். கீழைச் சரக்குகள் இத்தாலிக்குள் வந்து இறங்கிய பெரிய துறைமுகம் பொத்சுவோலி. நம் பக்கத்து மிளகை ஏற்றிய கப்பல்களும் இந்த விரிகுடாவுக்கு வந்திருக்க வேண்டும். ஜன்னலுக்கு வெளியே தெரிந்த கடலை அப்புறம் வேறு மாதிரிதான் பார்த்தேன்.

மிசேனத்தில் கிடைத்த வெண்கலக் குதிரைவீரன் சிலையும் இங்கே இருக்கிறது. முதலில் அது டொமிஷியன் பேரரசர். கி.பி. 96இல் அவரைக் கொன்ற பிறகு, முகத்தை மட்டும் வெட்டியெடுத்து அடுத்த பேரரசர் நெர்வாவின் முகத்தைப் பொருத்திவிட்டார்கள். பின்னந்தலை இன்னும் பழையவருடையதே.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் வேறு. ஒரு கண்ணாடிப் பெட்டியில் வெள்ளையாகச் சில சுண்ணத் துண்டுகள் கிடந்தன. ஒரு கை, ஒரு கால், பாதி முகம். தனியாகப் போயிருந்தால் நான் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டேன். வழிகாட்டி அம்மா கையைப் பிடிக்காத குறையாக நிறுத்தினார்.

கிரேக்கத்தின் பெயர்பெற்ற வெண்கலச் சிலைகள் பெரும்பாலும் உருகி அழிந்துவிட்டன. நாம் பார்ப்பது ரோமானியர் செதுக்கிய பளிங்கு நகல்களை. அவர்கள் எப்படி நகல் எடுத்தார்கள்? மூலச் சிலைமேலேயே அச்சு எடுத்து, அதில் சுண்ணத்தை வார்த்து, அந்த வார்ப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அளந்து அளந்து செதுக்கினார்கள். பாயாவில் அப்படி ஒரு பட்டறை இருந்திருக்கிறது. 1954இல் அதன் வார்ப்புத் துண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அந்தப் பாதி முகம், ஏதென்ஸில் கொடுங்கோலனின் தம்பியைக் கொன்ற அரிஸ்டோகெய்டனின் முகம். கி.மு. 477 வாக்கில் நிறுத்திய வெண்கலச் சிலையிலிருந்து வந்தது. மூலம் இன்று உலகில் எங்கும் இல்லை. அதன் தோலைத் தொட்ட அச்சிலிருந்து நேராக வந்தது இந்தச் சுண்ணம்.

வழிகாட்டி கைபேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்து, கண்ணைப் பார்க்கச் சொன்னார். இமை முடி இருக்கும் இடம் தடித்து, திரண்டு இருந்தது. வெண்கலச் சிலையின் இமை முடிகள் மெல்லிய தகடு. அச்சு எடுக்கும்போது ஒடிந்துவிடுமே என்று, அந்தத் தொழிலாளி முன்கூட்டியே அவற்றை மெழுகு போன்ற ஒன்றால் மூடியிருக்கிறார். அவர் அப்பிய அந்தப் பூச்சின் வடிவம் அப்படியே சுண்ணத்தில் பதிந்திருக்கிறது. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன், பெயர் தெரியாத ஒருவர், ஒரு சிலையின் கண்ணுக்கு வலிக்காமல் வேலை செய்திருக்கிறார். விளக்கை அணைத்த பிறகும் நாங்கள் இருவரும் அங்கேயே நின்றுகொண்டிருந்தோம்.