கதை கேட்கக் காத்திருக்கும் குளிர்காலம்

நடுவர் அவர்களே, வணக்கம். வட அமெரிக்கப் பூர்வகுடிகளான ஹோடினோஷோனி மக்களின் பண்பாட்டைக் காப்பது வாய்வழிக் கதையா, அச்சிட்ட நூலா என்பது தலைப்பு. "கிழவர் கண்ணை மூடினால் கதையும் போய்விடுமே" என்று எதிரணி நண்பர் கேட்டார். அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனாலும் கதையின் பக்கம்தான் நிற்கிறேன்.

நியூயார்க் மாநிலத்திலும் கனடாவிலும் வாழும் மோஹாக், செனகா முதலான ஆறு இனங்களின் கூட்டமைப்பு இது. பெயருக்கே நீள்வீடு கட்டுவோர் என்று பொருள். அந்த வீட்டில் கதைக்குப் பருவம் உண்டு. குளிர்காலத்தில் மட்டும்தான் சொல்வார்கள். கோடையில் சொன்னால் விலங்குகளும் நின்று கேட்டுத் தங்கள் வேலையை மறந்துவிடுமாம்! நூலை எந்த மாதமும் பிரிக்கலாம், சரி. பனி எப்போது விழும் என்று ஏங்கிக் கிடக்கும் பிள்ளையின் ஆசையை எந்தப் பக்கத்தில் அச்சடிப்பீர்கள்?

உலகம் பிறந்ததை அவர்கள் இப்படிச் சொல்கிறார்கள்: வானிலிருந்து ஒரு பெண் விழுகிறாள். பறவைகள் சிறகில் தாங்குகின்றன. ஆமை முதுகு கொடுக்கிறது. நீரெலி மூழ்கி ஒரு பிடி சேறு கொண்டுவர, அது நிலமாய் விரிகிறது. இதைப் பாட்டி வாயால் கேட்ட பிள்ளை மறுநாள் வாசலில் கால் வைக்கும்போது, ஆமையின் முதுகில் அல்லவா கால் வைக்கிறது!

அப்புறம், வாம்பம் பட்டிகள். உடன்படிக்கைகளை நினைவில் வைக்க, ஊதாவும் வெள்ளையுமாகச் சிப்பிமணி கோத்தவை. ஓர் எழுத்து கிடையாது. கையில் ஏந்தி அதன் பொருளைச் சொல்ல ஆள் வேண்டும். பல ஆண்டுகள் அரசு அருங்காட்சியகத்தில் பத்திரமாகத்தான் இருந்தன. பேசத்தான் ஆளில்லை. ஆறு இனங்களில் ஒன்றான ஒனொண்டாகா மக்கள் விடாமல் கேட்டு, 1989இல் திரும்பப் பெற்றார்கள்.

நண்பரே, கனடாவில், ஒன்டாரியோவின் பிரான்ட்ஃபோர்டில் 1970 வரை ஓர் உறைவிடப் பள்ளி நடந்தது. இந்த இனங்களின் பிள்ளைகளை அங்கே கொண்டுபோய், தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். அங்கே நூலுக்கா பஞ்சம்? கதை சொல்லும் பாட்டியிடமிருந்து பிள்ளையைப் பிரித்தார்கள். அறுக்க வேண்டிய இடம் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

செனகா மக்களிடம் ஒரு கதை. காட்டில் ஒரு கல் பேசியது. அநாதைச் சிறுவன் தான் வேட்டையாடிய பறவைகளைக் கொடுத்துக் கதை கேட்டான். பிறகு ஊரே வந்து கேட்டது. எல்லாவற்றையும் சொல்லி முடித்த கல், "இனி நீங்கள் சொல்லுங்கள்" என்று வாயை மூடிக்கொண்டது. இன்றும் சொல்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.