சொதியும் சிறுத்த இரைப்பையும்

வணக்கம் நேயர்களே.

நிறை குறைப்பதற்காக இரைப்பையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள், ஏழாம் எட்டாம் மாதத்தில் கிளினிக்குக்கு வந்து கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான். "முந்திச் சாப்பிட்டதில கால்வாசியும் நான் சாப்பிடுறேல்லை. ஆனால் தராசு அசையுதில்லையே, ஏன்?" கால்வாசிதான் சாப்பிடுகிறார்கள் என்பது பெரும்பாலும் உண்மை. ஆனால் இடியப்பத்தைச் சொதியில் ஊறவிட்டுக் குழைத்துச் சாப்பிடுபவரின் கால்வாசி வேறு, ஒரு துண்டு மீனை மென்று சாப்பிடுபவரின் கால்வாசி வேறு. இன்றைய என் பேச்சு இந்த வித்தியாசத்தைப் பற்றியது.

உலகெங்கும் இன்று கூடுதலாகச் செய்யப்படுவது ஸ்லீவ் என்ற முறை. இதில் இரைப்பையின் 75 முதல் 80 வீதம் வரை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போல நீண்ட ஒரு குழாய். 100 முதல் 150 மில்லிலீற்றர் வரைதான் கொள்ளும். பைபாஸ் முறையில் மேலே 30 மில்லிலீற்றர் அளவில் ஒரு சிறு பையை மட்டும் விட்டு, அதைச் சிறுகுடலில் சற்றுக் கீழே தொடுத்துவிடுகிறார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஓமோன் பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியில்தான் சுரக்கிறது. ஸ்லீவில் அந்தப் பகுதியே போய்விடுவதால் முதல் மாதங்களில் பலருக்குப் பசியே தெரியாது. ஓர் ஆண்டு போகப் போகப் பசி மெல்லத் திரும்பும். அது திரும்புவதற்குள் சாப்பிடும் பழக்கத்தை மாற்றிக்கொண்டவர் தப்பினார்.

நிறை குறைவது நிற்கிறது என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொன்னாலும், எல்லா நிற்பும் ஒரே நிற்பு அல்ல. முதலில் வருவது மூன்றாம் வாரத்து நிற்பு. ஈரலிலும் தசையிலும் கிளைக்கோஜன் என்ற மாச்சத்துச் சேமிப்பு ஏறத்தாழ அரைக் கிலோ இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சத்திரசிகிச்சைக்குப் பின் தண்ணீரும் சூப்புமாக இருக்கும்போது இந்தச் சேமிப்புக் கரைகிறது, அதோடு தண்ணீரும் போகிறது. முதல் வாரத்தில் மளமளவென்று இறங்கிய கிலோக்களில் ஒரு பங்கு இந்தத் தண்ணீர்தான். பிறகு மசித்த உணவு தொடங்கியதும் உடல் கொஞ்சம் கிளைக்கோஜனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும். கொழுப்பு கரைந்துகொண்டிருக்கும், ஆனால் தண்ணீர் ஏறுவதால் தராசு நிற்கும். ஒரு வாரம், இரண்டு வாரம் பொறுத்தால் தானாகவே அசையும். இதற்காக ஒருவேளைச் சாப்பாட்டை நிறுத்துவது பிழை.

அடுத்தது, மாதக்கணக்கில் வேகம் குறைந்துகொண்டே வருவது. முதல் ஆறு மாதம் வேகமாக இறங்கும், பிறகு தளரும், 12 முதல் 18 மாதத்தில் அநேகமாக நின்றுவிடும். 110 கிலோ உடம்பை நடத்தத் தேவையான சக்தி 85 கிலோ உடம்புக்குத் தேவையில்லை. அதோடு, உடல் தன் செலவை இன்னும் கொஞ்சம் சுருக்கியும் கொள்கிறது. மொத்தத்தில் தொடக்க நிறையின் 25 முதல் 30 வீதம் குறைவது வழமை. ஆக, 110 கிலோவோடு போனவர் 80 கிலோ அளவில் நின்றால் சத்திரசிகிச்சை தன் வேலையைச் செய்து முடித்திருக்கிறது. 60க்கு வரவில்லையே என்று கலங்குபவர்கள் இந்தக் கணக்கை முதலிலேயே கேட்டுத் தெரிந்திருக்க வேண்டும்.

தராசில் ஏறுவது வாரத்துக்கு ஒரு தடவை போதும். அதே நாள், காலையில், மலசலம் கழித்த பின், வெறும் வயிற்றில். நாளுக்கு நாலு தடவை ஏறி இறங்கினால் மலச்சிக்கலும் மாதவிடாயும் சேர்த்துவைக்கும் தண்ணீரைத்தான் நிறுத்துக்கொண்டிருப்பீர்கள். தொப்புள் மட்டத்தில் நாடாவால் இடுப்பையும் அளந்து எழுதிவையுங்கள். தராசு நின்ற மாதத்திலும் நாடா இறங்குவதுண்டு.

இனி, காலத்துக்கு முந்தியே நிற்பதும், நின்ற பின் ஏறுவதும். சாப்பாட்டைத் திருத்த வேண்டியது இங்கேதான்.

அந்தக் குழாய் இரைப்பை கட்டியான உணவு வந்தால் நிறையும், கொஞ்ச நேரம் வைத்திருக்கும், போதும் என்று உணர்த்தும். நீர்த்த உணவு வந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. பீலியில் மழைத்தண்ணீர் போவது போலக் கீழே போய்விடும். நம்முடைய சாப்பாட்டு முறையோ எல்லாவற்றையும் குழைத்து இளக்குகிற முறை. இடியப்பத்துக்குச் சொதி, பிட்டுக்கு மாம்பழமும் பாலும், பாணுக்குப் பருப்புத் தண்ணி, சோற்றுக்கு ரசம். மெல்லாமலே இறங்கும். கட்டித் தேங்காய்ப்பாலில் 100 மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய 200 கலோரி உண்டு. வயிறு நிறைந்தது தெரியாமலே அது உள்ளே போய்விடுகிறது. இரண்டு மணித்தியாலத்தில் மறுபடி ஏதாவது வேண்டும் போலிருக்கும்.

மிக்சர், முறுக்கு, பிஸ்கற், ஐஸ்கிறீம் எல்லாமே இதே வகைதான். முறுக்கு மொறுமொறுப்பாக இருக்கிறதே, அது கட்டி உணவு அல்லவா என்று கேட்பார்கள். வாயில் உமிழ்நீர் பட்டதும் அது கூழ். காலிமுகத்திடலில் காற்று வாங்கிக்கொண்டு ஒரு சுருள் கடலையை மென்றால் வயிற்றில் நிற்கும், ஒரு பக்கெற் பைற்ஸ் நிற்காது.

ஆனால் மென்மையான உணவுக்கு யாரும் ஆசைப்பட்டு மட்டும் போவதில்லை. பலரை அங்கே தள்ளுவது ஒரு கெட்ட அனுபவம். நேற்றுச் சமைத்துக் குளிரூட்டியில் வைத்த கோழி நெஞ்சுத் துண்டைச் சூடாக்கி, அவசரமாக இரண்டு வாய் விழுங்குகிறார்கள். நெஞ்சுக்கு நடுவே அடைக்கிறது, வாயில் நுரைநுரையாக எச்சில் ஊறுகிறது, கடைசியில் சத்தி. அடுத்த நாள் "எனக்கு இறைச்சி ஒத்துவராது" என்ற முடிவுக்கு வந்து, மரி பிஸ்கற்றைத் தேநீரில் தோய்க்கத் தொடங்குகிறார்கள். பாணும் இப்படித்தான் உருண்டையாகத் திரண்டு அடைக்கும். குற்றம் இறைச்சியில் இல்லை. நார் உலர்ந்த துண்டு, பெரிய வாய், வேகம், இந்த மூன்றும் சேர்ந்ததுதான் காரணம்.

மீனில் தொடங்குங்கள். சூரையை விடப் பாரை, விளைமீன் போன்ற மென்மையான மீன் இலகு. கோழியென்றால் தொடை இறைச்சி, அதுவும் அரைத்தோ சிறிதாகக் கொத்தியோ, தடித்த குழம்பில் ஒரு மேசைக்கரண்டியோடு. ஈரம் வேண்டும், ஆனால் மிதக்கக் கூடாது. தேக்கரண்டியால் சாப்பிடுங்கள். ஒரு வாய் உள்ளே போய் ஒரு நிமிடம் கழித்து அடுத்தது. ஒருவேளைச் சாப்பாட்டுக்கு 20 முதல் 30 நிமிடம். அதற்கு மேலும் இழுத்தால் முதலில் சாப்பிட்டது இறங்க இறங்க மேலே நிரப்பிக்கொண்டிருப்பீர்கள், அதுவும் பிழைதான். கையால் சாப்பிட்டுப் பழகியவர்களுக்குத் தேக்கரண்டி ருசியைக் கெடுப்பது போலத் தெரியும். கவளத்தின் அளவு கட்டுப்படும் வரைக்காவது அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தட்டில் முதலில் புரதம், பிறகு மரக்கறி, இடம் மிஞ்சினால் மட்டும் சோறு அல்லது இடியப்பம். நம் வீடுகளில் சோற்றைப் போட்டுவிட்டுத்தான் கறியைத் தேடுவோம். அந்த ஒழுங்கைத் தலைகீழாக்க வேண்டும். ஓர் ஆண்டு கழித்துப் பலரால் ஒருவேளைக்கு ஒரு கோப்பை அளவு சாப்பிட முடியும். அதில் பாதிக்கு மேல் புரதம் இருக்கட்டும்.

நாளொன்றுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். இது சின்னத் தொகை போலத் தெரியும், ஆனால் சேர்ப்பது எளிதல்ல. காலையில் இரண்டு முட்டை, 12 கிராம். பத்து மணிக்கு ஒரு கிளாஸ் ஆடை நீக்கிய பால், 7. மதியம் சமைத்த மீன் 80 கிராம், அது 18. கூடவே தடித்த பருப்பு மூன்று மேசைக்கரண்டி, 4. பின்னேரம் அவித்த கொண்டைக்கடலை அரைக் கோப்பை, 7. இரவு கோழி 80 கிராம், 20. கூட்டினால் 68. இதில் ஒன்றைத் தவறவிட்டாலே 60க்குக் கீழே போக இடமுண்டு. புரதம் குறைந்தால் உடல் தசையைக் கரைக்கும், தசை குறைந்தால் சும்மா இருக்கும்போது செலவாகும் சக்தியும் குறையும். மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டுவதற்கு நிறை சடுதியாகக் குறைந்ததே முக்கிய காரணம். அது பெரும்பாலும் திரும்ப வளரும். புரதமும் இரும்புச்சத்தும் குறைந்தவர்களுக்குக் கொட்டுவது நீடிக்கும்.

சைவக்காரருக்கு இன்னும் கவனம் வேண்டும். உலர்ந்த சோயா மீற் 30 கிராமில் ஏறத்தாழ 15 கிராம் புரதம் உண்டு. அதோடு வரும் சுவைத்தூளில் உப்பு அதிகம் என்பதால் அதை ஒதுக்கிவிட்டுச் சொந்தத் தூளில் சமையுங்கள். கௌபி, பயறு, கடலை, தோஃபு, தயிர் எல்லாம் உதவும். தயிரோடு கித்துள் பாணி வேண்டாம். கந்தசஷ்டி விரதமும் நோன்பும் முதல் ஆண்டில் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சித்தான் குடிக்க முடிகிறவர், சில மணித்தியாலத்துக்குள் ஒன்றரை லீற்றர் தண்ணீரைக் குடித்து முடிப்பது எப்படி? அதற்குப் பிறகும் நீரிழிவு மருந்து எடுப்பவர்கள் வைத்தியரைக் கேட்காமல் விரதம் இருக்கக் கூடாது.

தண்ணீர் என்றதும் ஒன்று. சாப்பிடும்போது பக்கத்தில் கிளாஸ் வைக்காதீர்கள். சாப்பிட்டு 30 நிமிடம் கழித்துத்தான் குடிக்க வேண்டும். சாப்பாட்டோடு குடித்தால், மென்று இறக்கிய மீனையும் நீங்களே கழுவிக் கீழே அனுப்புகிறீர்கள். இடைப்பட்ட நேரங்களில் 1.5 லீற்றர் வரை மிடறு மிடறாகக் குடியுங்கள்.

பால் தேநீரை யாரும் உணவுக் கணக்கில் சேர்ப்பதில்லை. இரண்டு தேக்கரண்டி சீனி, ஒரு மேசைக்கரண்டி பால்மா போட்ட ஒரு கோப்பை ஏறக்குறைய 80 கலோரி. நாளுக்கு மூன்றென்றால் 240. எட்டாம் மாதத்தில் ஒருவர் மொத்தமாகச் சாப்பிடுவதே 1000 கலோரி அளவில் இருக்கும்போது, இது கால்வாசி. வெள்ளவத்தையில் ஒரு வீட்டுக்குப் போய்த் தேநீர் வேண்டாம் என்றால் கோபிப்பார்கள். சீனி போடாத பிளேன்ரீ கேளுங்கள், கோபம் பாதியாகும். ரின்பால் ஊற்றியது வேண்டவே வேண்டாம். குளிர்பானப் போத்தல்களில் 2016 முதல் சீனியின் அளவைக் காட்டும் நிறக் குறி இருக்கிறது, சிவப்பு என்றால் திரும்ப வைத்துவிடுங்கள்.

இனிப்பு இன்னொரு வழியிலும் கெடுக்கும், பைபாஸ் செய்தவர்களுக்கு முக்கியமாக. சாப்பிட்டு அரை மணித்தியாலத்துக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வந்தால், சீனி குடலுக்குள் ஒரேயடியாகக் கொட்டிவிட்டது என்று பொருள். ஒன்று முதல் மூன்று மணித்தியாலம் கழித்து நடுக்கமும் தலைச்சுற்றும் வந்தால், இன்சுலின் அளவுக்கு மிஞ்சிச் சுரந்து இரத்தச் சீனி விழுந்திருக்கக்கூடும். அந்த நேரம் ரொபி ஒன்றை வாயில் போட்டால் நடுக்கம் நிற்கும். ஆனால் அதோடு விட்டால் அதே சுற்று மறுபடி தொடங்கும். சீனி ஏறியதும் ஒரு முட்டையோ கொஞ்சம் கடலையோ சாப்பிட வேண்டும். இது அடிக்கடி வந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள்.

நடப்பதற்கு மரைன் டிரைவ் இருக்கிறது, விகாரமகாதேவி பூங்கா இருக்கிறது. வாரத்துக்கு 150 நிமிடம் நடை. அதோடு வாரத்தில் இரண்டு நாள் தசைக்கு வேலை. கை ஊன்றாமல் கதிரையிலிருந்து பத்துத் தரம் எழுந்து இருப்பது, மூன்று தடவை. நடை மட்டும் தசையைக் காக்காது.

ஓர் ஆண்டோடு விற்றமின் குளிசைகளை நிறுத்திவிடுவதும் நம்மவரிடம் உள்ள குறை. பல்விற்றமின், பி12, விற்றமின் டி, கல்சியம், தேவைப்பட்டவருக்கு இரும்பு, இவை ஆயுள் முழுவதற்கும் உரியவை. கல்சியம் நாளுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம், ஒரு தடவைக்கு 500க்கு மேல் உறிஞ்சப்படாது என்பதால் பிரித்து எடுங்கள். அமிலம் குறைந்த இரைப்பைக்குச் சிற்றேற் வகை நல்லது. இரும்புக்கும் கல்சியத்துக்கும் இடையே இரண்டு மணித்தியாலம் விடுங்கள். இரும்புக் குளிசையைத் தேநீரோடு விழுங்க வேண்டாம்.

சாப்பிட்டதெல்லாம் இரண்டு மூன்று நாளாகச் சத்தியாகப் போனால் வீட்டில் பார்த்துக்கொண்டிருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். சத்திரசிகிச்சை செய்தவர் என்று வாசலிலேயே சொல்லுங்கள். தயமின், அதாவது பி1, குறைந்திருக்கும் உடலில் அதைக் கொடுக்காமல் குளுக்கோஸ் சேலைன் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்.

திடீரென்று முன்னையதைவிட இரண்டு மடங்கு சாப்பிட முடிகிறது, நெஞ்செரிவு கூடுகிறது, கட்டி உணவு இறங்கவே மாட்டேன் என்கிறது, இவற்றில் ஒன்று இருந்தாலும் நிறை நின்றதற்குக் காரணம் உங்கள் பழக்கம் என்று முடிவுகட்ட வேண்டாம். குழாய் விரிந்திருக்கலாம், ஒடுங்கியிருக்கலாம். தைரொயிட்டும் பார்க்க வேண்டும். இன்சுலின், ஸ்டீரொயிட், சில மனச்சோர்வு மருந்துகளும் நிறையை ஏற்றும். அவற்றை நீங்களாக நிறுத்தாமல் மருந்துச் சிட்டையோடு வாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் நிறை ஏறிக்கொண்டே போகிறவர்களுக்குச் செமகுளூட்டைட் போன்ற ஊசிமருந்துகளும் இப்போது பயன்படுகின்றன.

கிளினிக்குக்கு வருமுன் மூன்று நாள் சாப்பாட்டை ஒரு கொப்பியில் எழுதுங்கள். இரண்டு வேலைநாள், ஒரு ஞாயிறு. என்ன, எத்தனை மேசைக்கரண்டி, எத்தனை நிமிடம், தண்ணீர் எப்போது, தேநீர் எத்தனை, அதற்குள் எத்தனை கரண்டி சீனி. பிள்ளை மிச்சம் வைத்த நூடில்ஸ் இரண்டு வாயையும் எழுதுங்கள். வணக்கம்.