கல் தூசியும் கழுத்துத் துண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

வீடு கட்டும் இடத்தில் கிரானைட் வேலை நடக்கும் நாளில் போய்ப் பாருங்கள். சமையல் மேடைக் கல்லில் சிங்க் உட்காரத் திறப்பு வெட்ட வேண்டும். கல்லை மணல் மூட்டைகள் மேல் கிடத்தி, கட்டிங் மிஷினை ஓட்டுவார் தொழிலாளி. கொஞ்ச நேரத்தில் புருவம், இமை, மீசை எல்லாம் வெளுத்துப்போகும். வாயைச் சுற்றி ஒரு துண்டு. பாதுகாப்பு என்று அவ்வளவுதான்.

கட்டடத் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் வேலை. மாஸ்க் பேச்சை எடுத்தாலே, "எங்கப்பாவும் கல் வேலைதான் சார் பார்த்தார், அவர் என்ன மாஸ்க்கா போட்டார்?" என்று யாராவது கேட்பார்கள். இதை அலட்சியம் என்று தள்ள எனக்கு மனம் வருவதில்லை. கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். ஆனால் அப்பா கையில் இருந்தது உளி. அதிலும் தூசி உண்டு, அதிலும் நுரையீரல் கெட்டவர்கள் உண்டு. மகன் கையில் இருப்பதோ நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் மிஷின். உளி கல்லைச் சில்லாகப் பெயர்த்தது. இது மாவாக அரைக்கிறது. கருவி மாறிவிட்டது, துண்டு மட்டும் அப்படியே இருக்கிறது.

கிரானைட்டில் ஏறக்குறைய கால் பங்கு சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே தாது. புருவத்தில் படியும் தூசி பெரிய தூசி, குளித்தால் போய்விடும். நுரையீரலின் அடிவரை இறங்குவது 5 மைக்ரானுக்கும் சிறிய துகள். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். துண்டின் இழைகளுக்கு நடுவே அது தாராளமாகப் புகுந்துவிடும். உள்ளே போனது வெளியே வராமல் தழும்பாகி நுரையீரலை இறுக்கும். இதுதான் சிலிக்கோசிஸ். குணமாக்க மருந்து கிடையாது. பெரும்பாலும் பத்து, இருபது வருடம் கழித்துத்தான் மூச்சு வாங்கும். அதனால்தான் இன்றைக்குப் பயம் வருவதில்லை.

வெல்லம் சாப்பிட்டால் தூசி இறங்கிவிடும் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். வெல்லம் போவது இரைப்பைக்கு, தூசி போவது நுரையீரலுக்கு. இரண்டும் வேறு வேறு வழி.

சரி, மாஸ்க் கொடுத்தால் ஏன் கழற்றுகிறார்கள்? மே மாத வெயிலில், அடிக் கணக்கில் கூலி வாங்குகிறவர் வேர்வையில் நனைந்த மாஸ்க்கோடு வேலை செய்து பார்த்தால் தெரியும். மேஸ்திரி வாங்கிக் கொடுப்பதும் பல நேரம் முகத்தில் படியாத மலிவுச் சரக்கு. கையுறை வேண்டாம் என்பதிலும் நியாயம் இருக்கிறது. தொளதொள துணிக் கையுறையைச் சுற்றும் பிளேடு கையோடு இழுத்துவிடும். அந்தப் பயம் சரியான பயம். இதையெல்லாம் காதில் வாங்காமல் "மாட்டு, மாட்டு" என்று அதட்டினால் யார் கேட்பார்கள்?

முதலில் தூசியே எழும்பாமல் பார்க்க வேண்டும். மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலோடு கையாள் ஒருவர் பக்கத்தில் நின்று, வெட்டுகிற இடத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தால் பெரும் பகுதி தூசி சேறாகிவிடும். தண்ணீரும் கரண்டும் சேரும் இடம் என்பதால், கரண்டு கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாத இணைப்பில் இதைச் செய்யவே கூடாது. அதற்கு அப்புறம்தான் என்-95 மாஸ்க், கண்ணாடி. தாடி இருந்தால் மாஸ்க் முகத்தோடு ஒட்டாது, ஓரம் வழியே தூசி நுழையும். கையாள் கூலியையும் மாஸ்க் செலவையும் வீடு கட்டுகிறவர்தான் ஏற்க வேண்டும். லட்சக்கணக்கில் வீட்டுக்குச் செலவழிக்கிறவருக்கு இது பாரமே இல்லை.

இப்போது குவார்ட்ஸ் கல் என்று ஒன்று பரவலாக விற்கிறது. குவார்ட்ஸ் கல் தூளைப் பிசினில் கலந்து செய்யும் அதில் சிலிக்கா 90 சதவீதம் வரைகூட இருக்கும். இளம் தொழிலாளர்கள் நோயில் விழுந்ததைப் பார்த்த ஆஸ்திரேலியா, 2024 ஜூலை 1 முதல் அந்த வகைக் கல்லையே தடை செய்துவிட்டது. நம் ஊரில் அதையும் துண்டைக் கட்டிக்கொண்டுதான் வெட்டுகிறார்கள்.

கல் வேலை செய்யும் தம்பிகளே, நாள்பட்ட இருமல் என்று டாக்டரிடம் போனால், அவர் கேட்காவிட்டாலும் உங்கள் தொழிலைச் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் சிலிக்கோசிஸ் காசநோய் மாதிரியே தெரியக்கூடும். சிலிக்கோசிஸ் வந்தவரைக் காசநோய் தொற்றுவதும் எளிது. எத்தனை வருடமாகக் கல் வெட்டுகிறீர்கள் என்பதையும் சீட்டில் எழுதச் சொல்லி வாங்குங்கள். சிலிக்கோசிஸ் நஷ்டஈடு பெறத் தகுந்த தொழில்நோய் என்று சட்டத்திலேயே இருக்கிறது. பின்னால் அதைக் கேட்கும்போது அந்தச் சீட்டு உதவும்.

வணக்கம்.