துரும்பைத் தூக்கிப் போடாத வீடு

(எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் பேசியது. மேடையில் விட்டுப்போன இரண்டொரு வரியைச் சேர்த்திருக்கிறேன்.)

அனைவருக்கும் வணக்கம். சங்கத் தலைவர் அவர்களே, மூன்று மணி நேரம் காரோட்டி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, சென்ற ஆண்டுத் தலைவர் அவர்களே, அதற்கு முந்தைய ஆண்டுத் தலைவர் அவர்களே (சமையலறைப் பக்கம் நிற்கிறாராம், பரவாயில்லை, வடை முக்கியம்), சனிக்கிழமை தோறும் நம் பிள்ளைகளோடு மல்லுக்கட்டும் தமிழ்ப் பள்ளி ஆசிரியைகளே, பத்து நிமிடம்தான் என்று மூன்று முறை சொல்லி என்னை மேடையேற்றிய பொருளாளர் அவர்களே. யாரையாவது விட்டிருந்தால் விழா முடிந்ததும் நேரில் வந்து மன்னிப்புக் கேட்கிறேன், இப்போது கோபித்துக்கொண்டு எழுந்து போய்விடாதீர்கள்.

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று என் பாட்டி சொல்வார். இன்றைக்கு இந்தப் பழமொழியைப் பல முறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன கோடையில் யெல்லோஸ்டோன் பூங்காவிலிருந்து கிளேசியர் பூங்காவுக்குப் போகும் வழியில், அமெரிக்காவின் மான்டானா மாநிலத்தில் டீர் லாட்ஜ் என்ற சிற்றூரில் வண்டியை நிறுத்தினோம். அங்கே கிராண்ட்-கோர்ஸ் பண்ணை என்று ஒரு பழைய மாட்டுப் பண்ணை இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது என்று பலகையில் பார்த்ததும்தான் வண்டியைத் திருப்பினேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது? சுமார் 1,600 ஏக்கர், எண்பதுக்கும் மேற்பட்ட பழைய கட்டடங்கள், தேசியப் பூங்காத் துறையின் பொறுப்பில். கண்ணாடிப் பெட்டிக்குள் பொருளை வைத்துப் பூட்டும் அருங்காட்சியகம் இல்லை இது. மாடு நிஜமாகவே மேய்கிறது. கொல்லன் உலையில் இரும்பு அடிக்கிறார். சமையல் வண்டிப் பக்கம் விறகு அடுப்பில் காப்பி கொதிக்கிறது. வடிகட்டி கிடையாது, கொஞ்சம் பச்சைத் தண்ணீரைத் தெளித்தால் தூள் அடியில் இறங்கிவிடும் என்கிறார்கள். எனக்கு முழுதாக இறங்கவில்லை. பாதி பல்லிடுக்கில் இருந்தது.

மூன்று விஷயம் சொல்லப்போகிறேன். ஒன்று, அந்த மண்ணும் மாடும் யாருடையவை. இரண்டு, ஒரு பனிக்காலம். மூன்று, அந்த வீட்டுப் பெண்கள்.

முதலாவது. ஜானி கிராண்ட் என்பவர் தோல் வியாபாரி, கனடாவில் பிறந்தவர். மேற்கே குடியேறப் போகும் கூட்டம் மாட்டுவண்டியில் மாதக்கணக்கில் வரும், மாடெல்லாம் எலும்பும் தோலுமாக இருக்கும். இவர் வழியில் நின்றுகொண்டு, கால் ஓய்ந்த இரண்டு மாட்டை வாங்கிக்கொண்டு தெம்பான ஒரு மாட்டைக் கொடுப்பார். வாங்கியதைப் புல்வெளியில் விட்டுத் தேற்றி, அடுத்த ஆண்டு வருகிறவர்களிடம் அதே வியாபாரம். வேண்டாம் என்று ஒதுக்கியதை வைத்தே மந்தை சேர்த்த மனிதர். துரும்பு ஐயா, துரும்பு! 1862இல் அவர் கட்டிய வீடுதான் இன்றைக்கும் நிற்கிறது. மனைவி குவாரா ஷொஷோனி இனப் பெண். அந்தப் பள்ளத்தாக்கு அவரைப் போன்ற பழங்குடிகளின் நிலம் என்பதை மறந்துவிட்டு வெறும் கௌபாய் கதையாக இதைப் பார்க்கக் கூடாது, அதைப் பேசவே இன்னொரு கூட்டம் வேண்டும். 1866இல் 19,200 டாலருக்குப் பண்ணை கைமாறியது. வாங்கியவர் கான்ராட் கோர்ஸ், ஜெர்மானியர், தங்கம் தேடி வந்தவர்களுக்குக் கறி வெட்டி விற்றவர். தங்கம் தோண்டியவர்களில் பலர் காணாமல் போனார்கள், அவர்களுக்குச் சோறு போட்டவர் பணக்காரர் ஆனார்.

இரண்டாவது, பனிக்காலம். 1886 கோடையில் மழை இல்லை. இருந்த புல்லையும் அளவுக்கு மிஞ்சிய மாடு மேய்ந்து தீர்த்துவிட்டது. அப்புறம் பனி கொட்டியது. நடுவில் கொஞ்சம் உருகி, மறுபடி உறைந்து, தரைமேல் கண்ணாடிபோல ஒரு ஓடு படிந்தது. கீழே இருக்கும் புல்லை மாடு மோந்துகூடப் பார்க்க முடியாது. வசந்தம் வந்தபோது மந்தை மந்தையாகச் செத்துக் கிடந்தன. மாடு எப்படி இருக்கிறது என்று ஒரு முதலாளி கேட்டு எழுதியதற்கு, சார்லஸ் ரஸ்ஸல் என்ற மாடு மேய்க்கும் இளைஞர் ஒரு துண்டு அட்டையில் பட்டினி மாடு ஒன்றை வரைந்து அனுப்பினார். அஞ்சலட்டை அளவுதான். அதை யாரும் குப்பையில் போடவில்லை, அதனால் ரஸ்ஸல் பின்னாளில் பெரிய ஓவியர் என்று உலகத்துக்குத் தெரிந்தது. கோர்ஸ் ஒரு லட்சம் டாலர் கடன் வாங்கித் தப்பித்தார். அதற்குப் பிறகுதான் வேலி போடுவது, கோடையிலேயே புல் அறுத்துப் போர் போட்டு வைப்பது எல்லாம் அந்தப் பக்கம் பரவலானது. நம் ஊரில் வைக்கோல்போர் இல்லாத மாட்டுக்காரர் உண்டா?

இந்த இடத்தில் என் மாமனார் கதையைச் சொல்லியாக வேண்டும். பொருளாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார், பார்க்கட்டும். மாமா காங்கயம் பக்கம். எழுபது வயதுக்கு மேல். ஆங்கிலத்தில் அவருக்குத் தெரிந்தது எஸ், நோ, தேங்க்யூ, இந்த மூன்றுதான். அமெரிக்கா வந்து இருபது நாள் எதையும் பார்த்து வாயைத் திறக்கவில்லை. பெரிய மலையைக் காட்டினேன், “சரிங்க மாப்பிள்ளை” என்றார். வெந்நீர் ஊற்றைக் காட்டினேன், “சரிங்க” என்றார். இந்தப் பண்ணைக் கொட்டகையில் வரிசையாகக் குதிரை வண்டிகள் நிற்கின்றன, அங்கே வந்ததும் மனுஷனுக்கு உயிர் வந்துவிட்டது. ஒரு சக்கரத்துக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “குடம், ஆரக்கால், வட்டை, பட்டா... எல்லாம் நம்முளுதுங்க மாப்பிள்ளை!” என்று நடுக்கட்டை, கால்கள், சுற்று மரம், அதன்மேல் இரும்புப் பட்டை என ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டி என் பையனுக்குப் பாடம் எடுக்கிறார். அப்புறம் முகம் சுருங்கியது. “மரம் காய்ஞ்சு போச்சுங்க. பட்டா தளர்ந்திருக்குது. தண்ணியில போடச் சொல்லுங்க.”

நான் எப்படிச் சொல்வது? ஆங்கிலத்தில் வட்டைக்கு என்ன பெயர் என்று எனக்கே தெரியாது. நான் முழித்துக்கொண்டிருக்கும்போதே மாமா நேராகக் கொல்லரிடம் போய்விட்டார். ஒரு வட்டம் போட்டார். தீ என்பதற்குக் கையை விசிறினார், தண்ணீர் ஊற்றுவது போலக் காட்டி வாயால் “உஸ்ஸ்ஸ்” என்று ஒரு சத்தம். அந்தக் கொல்லர், தாடிக்காரர், சுத்தியலைக் கீழே வைத்துவிட்டார். இவரும் கையால் வட்டம் போட்டு, தீ, தண்ணீர், அதே “உஸ்ஸ்ஸ்”! சக்கரத்தைவிடக் கொஞ்சம் சிறியதாகப் பட்டாவை வளைத்து, பழுக்கக் காய்ச்சி மாட்டி, தண்ணீர் விட்டால் இரும்பு சுருங்கி மரத்தை இறுக்கிப் பிடிக்கும். இரண்டு ஊரிலும் ஒரே தொழில். காய்ந்த சக்கரத்தை ஓடையில் இறக்கி ஊறவைப்பதுகூட அங்கேயும் உண்டாம். அரை மணி நேரம் இருவரும் பேசினார்கள், ஒரு சொல் இல்லாமல். கிளம்பும்போது கொல்லர் தான் அடித்த சிறு கொக்கி ஒன்றைக் கொடுத்தார். மாமா தேங்க்யூ சொன்னார்.

காரில் ஏறியதும் கேட்டேன், நம் வீட்டு வண்டிச் சக்கரம் எங்கே மாமா? ரொம்ப நேரம் பதில் இல்லை. “பட்டா காயலான் கடைக்குப் போச்சுங்க. மரத்த வெந்நீர் அடுப்புல வெச்சோம்.”

கோர்ஸின் பேரன் கான்ராட் வாரன் மட்டும் அப்படிச் செய்திருந்தால் நான் பார்க்க அங்கே என்ன இருந்திருக்கும்? தாத்தாவின் நாற்காலி, கணக்குப் புத்தகம், சேணம், எல்லாவற்றையும் குடும்பத்தார் வைத்திருந்தார்கள். 1972இல் அரசு வாங்கியபோது வீடு தட்டுமுட்டுச் சாமானோடு அப்படியே கைக்கு வந்தது. ஐந்து ஆண்டு ஒழுங்குபடுத்தி 1977இல் மக்களுக்குத் திறந்தார்கள். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது, ஆனால் அதன்படி வாழ்ந்திருக்கிறார்கள்.

ஆகவே நான் இரண்டு வருடமாகக் கத்திக்கொண்டிருப்பதை மறுபடி கத்துகிறேன். நம் சங்கத்துக்கு ஓர் ஆவணப் பெட்டி வேண்டும். இந்த ஊரில் முதல் பொங்கலுக்கு அடித்த அழைப்பிதழ் யாரிடமாவது இருக்கிறதா? அப்பா எழுதிய ஏரோகிராம் கடிதம்? வரும்போது பெட்டியில் கட்டிக்கொண்டு வந்த பித்தளை அரிவாள்மனை? வீடு மாறும்போது எல்லாம் குப்பைத் தொட்டிக்குப் போகிறது. புகைப்படத்தின் பின்னால் பெயரும் ஊரும் பென்சிலால் எழுதிவைக்க எவ்வளவு நேரம் ஆகும்? போன செயற்குழுவில் இதைச் சொன்னபோது “இடம் இல்லை” என்றார்கள். பெட்டி சார், ஒரு பெட்டி. என் வீட்டுக் கார் நிறுத்தும் அறையில் வைத்துக்கொள்கிறேன், என் மனைவி இங்கே இருக்கிறார், அவர் சம்மதித்துவிட்டார்... தலையை ஆட்டுகிறார், எந்தப் பக்கம் ஆட்டுகிறார் என்று தெரியவில்லை.

மூன்றாவது, பெண்கள். கோர்ஸின் மனைவி அகஸ்டா பத்தொன்பது வயதில், 1868இல், மிசௌரி ஆற்றில் படகேறி அந்தப் பண்ணைக்கு வந்தவர், 96 வயது வரை வாழ்ந்தவர். அவரைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன், ஆனால் பொருளாளர் துண்டுச் சீட்டு அனுப்பிவிட்டார். “நேரம் முடிந்தது, சாப்பாடு ஆறுகிறது” என்று எழுதியிருக்கிறது. அழகான கையெழுத்து. தேதி மட்டும் போடவில்லை. ஐயா, தேதி போட்டுக் கொடுங்கள், பெட்டியில் முதலில் இதைத்தான் வைக்கப்போகிறேன்.