குரலில்லாத பாட்டு

நேயர்களுக்கு வணக்கம். 1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளியான ‘அப்பாச்சி’ என்னும் கிட்டார் இசையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஈழத்து நேயர்களுக்கு இப்பெயர் அப்பாவின் தாயாரை நினைவூட்டக்கூடும். இங்கே அது வட அமெரிக்கத் தொல்குடி ஒன்றின் பெயர். அக்குடியினரைப் பற்றி 1954இல் வந்த திரைப்படம் ஒன்றின் தாக்கத்தில் ஜெரி லார்டன் இம்மெட்டை அமைத்தார். பெர்ட் வீடன் அதை முதலில் ஒலிப்பதிவு செய்தார்; அவ்வாசிப்பு லார்டனுக்கு நிறைவளிக்கவில்லை. பின்னர் ஓர் இசைப்பயணத்தின்போது லார்டன் அதை யூக்குலேலி என்னும் சிறு நான்கு தந்திக் கருவியில் மீட்டிக் காட்ட, ‘ஷாடோஸ்’ என்னும் பிரிட்டிஷ் இசைக்குழுவினர் அதை எடுத்துக்கொண்டனர். தயாரிப்பாளர் நாரி பாராமருக்கோ இசைத்தட்டின் மறுபக்கமே பிடித்திருந்தது. அவருடைய மகள் இதை விரும்பியதால்தான் அவர் மனம் மாறினார். இசைத்தட்டு பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் ஐந்து வாரங்கள் முதலிடத்தில் இருந்தது.

கிட்டார் கற்கத் தொடங்கிய சில மாதங்களிலேயே எவரும் இம்மெட்டின் சுரங்களைப் பிடித்துவிடலாம். ஆனால், ஷாடோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் ஹாங்க் மார்வினின் வாசிப்பில் உள்ள ஏக்கம் அந்தக் கைகளில் எளிதில் வந்துவிடாது. அவருடைய ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில், தந்திகள் தங்கும் பாலத்தோடு இணைந்த சிறு உலோகக் கைப்பிடி ஒன்று உண்டு. சுரத்தை மீட்டியபின் அதை மெல்ல அசைத்தால், தந்திகளின் இறுக்கம் சற்றே தளர்ந்தும் கூடியும் சுரம் நடுங்கும். நம் வீணையின் கமகத்தோடு இதை ஒப்பிடத் தோன்றும்; எனினும் வீணையில் விரல் தந்தியை இழுக்கிறது, இங்கே பாலமே அசைகிறது. இத்துடன், ஒலித்த சுரத்தைக் கணநேரம் கழித்து மங்கலாகத் திருப்பித் தரும் இத்தாலிய எதிரொலிக் கருவி ஒன்றையும் மார்வின் பயன்படுத்தினார். ஆகவே, இரு சுரங்களுக்கு இடைப்பட்ட மௌனம்கூட அதில் வெறுமையாக இருப்பதில்லை. பரந்த வெளியில் யாரோ ஒருவர் அழைத்துவிட்டு மறுமொழிக்குக் காத்திருப்பதாகவே எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது. வேகமாக விரல் ஓட்டுவதே திறமை என்று எண்ணும் இளங்கலைஞர்கள் இந்தக் காத்திருப்பைத்தான் முதலில் தவறவிடுகிறார்கள்.

அடுத்த ஆண்டே டென்மார்க்கின் யோர்கன் இங்மன் வாசித்த வடிவம் அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடத்தை எட்டியது. 1973இல் ‘இன்கிரெடிபிள் போங்கோ பேண்ட்’ வெளியிட்ட வடிவத்தில் நீண்ட தாளப் பகுதி ஒன்று இருந்தது. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் விருந்துகளில் இசைத்தட்டு சுழற்றும் கலைஞரான டிஜே கூல் ஹெர்க் அத்தாளப் பகுதியை மீண்டும் மீண்டும் சுழலவிட, ஹிப்ஹாப் என்னும் இசைவகையின் அடித்தளங்களுள் ஒன்றாக அது அமைந்தது. கிட்டாருக்காக எழுதப்பட்ட மெட்டு அங்கே முரசொலிக்காகக் கொண்டாடப்பட்டது வேடிக்கைதான்.

இப்போது ஷாடோஸ் குழுவினரின் இசைத்தட்டைக் கேட்கவிருக்கிறீர்கள். தொடக்கத்தில் அதிரும் சீன முரசை வாசித்திருப்பவர் பாடகர் கிளிஃப் ரிச்சர்ட்; முடிவிலும் அவர் வருவார், அதுவரை ஒலியைக் குறைத்துவிடாதீர்கள்.