காஷான் ஓடுகள்: தேதி எழுதி வைத்த குயவர்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஓர் ஊரின் மண்பாண்டத் தொழிலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் பொதுவாக உடைந்த பாண்டங்களைத்தான் தேடிப் போவோம். அதில் ஒரு தொல்லை உண்டு. பாண்டம் விற்றுப்போகும், கை மாறும், ஊர் மாறும், கடைசியில் எங்கோ ஒரு குப்பைமேட்டில் கிடைக்கும். யார் செய்தது, எந்த வருஷம் செய்தது என்று பெரும்பாலும் அதில் எழுதியிருக்காது. சுவரில் பதிக்கும் பீங்கான் ஓடு அப்படியல்ல. ஒரு கட்டடத்துக்கென்று சொல்லிச் செய்வது அது, பதித்த பிறகு நகராது. ஈரானில் காஷான் என்றொரு ஊர். அந்த ஊர்க்காரர்கள் 13-ஆம் நூற்றாண்டில் இன்னொரு காரியமும் செய்தார்கள். ஓட்டிலேயே தேதியை எழுதினார்கள், பல இடங்களில் பெயரையும் எழுதினார்கள். அதனால்தான் காஷானின் தொழில் வரலாற்றை அதன் பாண்டங்களைவிட ஓடுகளில் நன்றாகப் படிக்க முடிகிறது என்கிறேன்.

ஓர் ஓட்டைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். டெஹ்ரானுக்குத் தென்கிழக்கே வராமீன் என்ற ஊர், அங்கே இமாம்ஜாதா யஹ்யா என்ற அடக்கத்தலம். அதன் உட்சுவரில் இருந்த காஷான் ஓடு இது. எட்டு முனை நட்சத்திர வடிவம், குறுக்களவு சுமார் 31 சென்டிமீட்டர். வெள்ளை மெருகின் மேல், அதாவது கண்ணாடி போன்ற மேற்பூச்சின் மேல், தங்கப் பழுப்பு நிறம். கவனித்துப் பார்த்தால் கொடியும் இலையும் வரையப்பட்டவை அல்ல என்று தெரியும். சுற்றியுள்ள இடத்துக்கு நிறம் தீட்டி, கொடியை வெள்ளையாகவே விட்டிருக்கிறார்கள். தீட்டிய நிறம் காய்வதற்குள் கூர்முனையால் கீறிச் சின்னச் சின்னச் சுருள்கள் போட்டிருக்கிறார்கள். விளிம்பைச் சுற்றி குர்ஆன் வசனம், அது முடிந்த இடத்தில் தேதி. நட்சத்திரங்களுக்கு நடுவே விழும் இடைவெளியைச் சிலுவை வடிவ ஓடுகள் நிரப்பும்.

தேதி என்றால் வெறும் வருஷம் மட்டுமல்ல, மாதமும் உண்டு. வராமீன் நட்சத்திரங்களில் ஹிஜ்ரி 660 துல்ஹஜ் மாதம் தொடங்கி 661 ரபீவுல் ஆகிர் வரை காண்கிறோம். நம் கணக்கில் 1262 இறுதியிலிருந்து 1263 தொடக்கம் வரை. ஒரே கட்டடத்துக்கான ஓடுகள் மாதா மாதம் சூளையிலிருந்து எப்படி வெளிவந்தன என்பது எழுநூற்று அறுபது வருஷம் கழித்து நமக்குத் தெரிகிறது! எத்தனை அரசர்களின் கட்டடங்களுக்கு இப்படி ஒரு கணக்கு இருக்கிறது, சொல்லுங்கள்.

அடுத்து பெயர்கள். 1215-இல் ஈரானின் மஷ்ஹத் நகரத்தில் இமாம் ரிஸா தர்காவுக்கு ஓடு செய்த இருவரில் ஒருவர் முஹம்மது இப்னு அபீ தாஹிர். இன்னொருவர் அபூ ஸைத். இந்த அபூ ஸைத் கிண்ணங்களிலும் பெயர் எழுதியவர். 1186-ஆம் ஆண்டிட்ட கிண்ணம் ஒன்றில்கூட அவர் பெயர் இருக்கிறது. கிண்ணம் செய்த கையும் தர்கா சுவரை அலங்கரித்த கையும் ஒன்றுதான் என்பதற்கு இதைவிட நேரான ஆதாரம் வேண்டியதில்லை. வராமீன் அடக்கத்தலத்துக்கு 1265-இல் மிஹ்ராப், அதாவது தொழுகைத் திசையைக் காட்டும் சுவர் மாடம், செய்தவர் அலி, மேலே சொன்ன முஹம்மதுவின் மகன். அலியின் மகன் யூசுஃப் 1334-இல் கும் நகரத்துக்கு ஒரு மிஹ்ராப் செய்தார். முதலில் அபூ தாஹிர், அப்புறம் முஹம்மது, அலி, யூசுஃப். நான்கு தலைமுறை வம்சாவளி, எழுதியிருப்பது முழுக்க ஓட்டின் மேல்.

யூசுஃபுக்கு ஒரு சகோதரர், அபுல் காசிம். அவர் சூளைப் பக்கம் நிற்கவில்லை. மங்கோலிய அரசவையில் வரலாறு எழுதுபவராகப் போனார். ஆனால் வீட்டுத் தொழிலை மறக்கவில்லை. 1301-இல் மணிகளையும் வாசனைப் பொருள்களையும் பற்றி ஒரு நூல் எழுதி, கடைசியில் ஓடும் பாண்டமும் செய்யும் முறையைச் சேர்த்து வைத்தார். என்னைக் கேட்டால் இந்தக் கதையிலேயே ருசியான பகுதி இதுதான். தொழில் ரகசியத்தை வீட்டுக்குள்ளேயே பூட்டி வைப்பதுதான் உலக வழக்கம். இங்கே அந்த வீட்டுப் பிள்ளையே எழுதிக் கொடுத்துவிட்டார்.

என்ன சொல்கிறார்? வெறும் களிமண் போதாது. அரைத்த வெண்கல், அதாவது குவார்ட்ஸ், பத்துப் பங்கு; கண்ணாடித் தூள் ஒரு பங்கு, வெள்ளைக் களிமண் ஒரு பங்கு. சீனப் பீங்கானின் வெண்மையை எட்டிப் பிடிக்க மேற்காசியக் குயவர்கள் கண்டுபிடித்த வழி இது. நீல நிறத்துக்கான கோபால்ட் கல் காஷானைச் சுற்றியுள்ள மலையில் கம்ஸர் கிராமத்திலிருந்து வந்தது என்கிறார். கம்ஸர் இன்றும் இருக்கிறது. இப்போது பன்னீருக்குப் பெயர் போன ஊர்!

தங்க மினுக்கு வந்த விதம் இன்னும் அழகு. ஓட்டை ஒருமுறை வேகவைத்து வெள்ளை மெருகு ஏற்றியாகிவிட்டது. அதன் மேல் வெள்ளியும் செம்பும் கலந்த குழம்பால் எழுதி, மறுபடி சூளையில் வைக்க வேண்டும். இம்முறை தீ மெதுவாக இருக்க வேண்டும், புகை நிறைய வேண்டும். மூன்று நாள், அதாவது 72 மணி நேரம் என்று கணக்குச் சொல்கிறார். புகை மண்டிய சூளையில் காற்று பற்றாது. நெருப்பு, குழம்பில் இருக்கும் உலோகத்தோடு கூடிய ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்ளும். மெருகின் மேல்தோலில் உலோகம் மிக மெல்லிய படலமாகத் தங்கிவிடும். வெளியே எடுக்கும்போது ஒன்றும் தெரியாது, கரி பிடித்த மாதிரி இருக்கும். ஈர மண்ணால் தேய்த்தால்தான் தங்க நிறம் வெளிப்படும். சரியாக வெந்தது செம்பொன் போலவும் சூரிய ஒளி போலவும் மின்னும் என்று பெருமையாக எழுதுகிறார். சூளைக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்குத்தான் அந்தப் பெருமை வரும். புகை கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் மூன்று நாள் உழைப்பும் போச்சு.

தேதிகளை வரிசையாக அடுக்கினால் வேறொரு விஷயமும் தெரிகிறது. மங்கோலியப் படை முதன்முதலில் ஈரானுக்குள் வந்தது 1220 வாக்கில். அத்தோடு தொழில் அழிந்தது என்று சொல்லிவிடுவது சுலபம். ஓடு அப்படிச் சொல்லவில்லை. காஷானின் மைதான் பள்ளிவாசலுக்கு ஹஸன் இப்னு அரப்ஷா செய்த பெரிய மிஹ்ராபின் தேதி 1226. அதற்குப் பிறகுதான் தேதியிட்டவை அரிதாகின்றன, ஒன்றிரண்டோடு சரி. 1260-க்குப் பிறகு மறுபடி குவிகின்றன. 1270-களில் மங்கோலிய அரசன் அபாகாவே வடமேற்கு ஈரானில் தக்தே சுலைமான் என்ற இடத்தில் கட்டிய அரண்மனைக்கு இந்த மினுக்கு ஓடுகளைப் பதித்தான். குயவர் எங்கும் போய்விடவில்லை, செலவு செய்யும் ஆள்தான் இடையில் இல்லாமல் போனார் என்பது என் கணிப்பு. அழித்த வம்சமே பிறகு வாங்க வந்தது.

இப்போது இந்த ஓடுகள் எங்கே? இங்கேதான் எனக்குக் கோபம். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வராமீன் சுவரிலிருந்து நட்சத்திரங்களைப் பெயர்த்து விற்றார்கள். 1870-களிலேயே சில லண்டனில் ஓர் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. இன்று பீட்டர்ஸ்பர்க்கிலும் வேறு பல ஊர்களிலும் சிதறிக் கிடக்கின்றன. 1881-இல் பிரெஞ்சுப் பயணி ழான் தியூலாஃபுவா போனபோது மிஹ்ராப் இடத்திலேயே இருந்தது. அப்புறம் அதுவும் பாரிசுக்குப் போனது. 1940-இல் அமெரிக்கச் செல்வந்தர் டோரிஸ் டியூக் வாங்கினார், இப்போது ஹவாய் மாநிலத்தின் ஹோனலுலுவில் இருக்கிறது. மைதான் பள்ளிவாசலின் மிஹ்ராப் பெர்லினில். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒற்றை நட்சத்திரம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எந்த மாதத்து ஓடு எந்த மாதத்து ஓட்டுக்குப் பக்கத்தில் இருந்தது என்பது போயே போய்விட்டது. பேரேட்டுத் தாளைத் தனித்தனியாகக் கிழித்து விற்ற மாதிரிதான். தாளில் தேதி இருப்பதால் ஓரளவு சேர்த்துப் படிக்கிறோம். தேதி இல்லாத சிலுவை ஓடுகளுக்கு அந்த வசதியும் இல்லை.

ஈரானை ஆண்ட மங்கோலிய இல்கான் அரசு 1335-இல் சரிந்தது. நான்கு வருஷம் கழித்து, 1339-ஆம் ஆண்டிட்ட நட்சத்திர ஓடு ஒன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செய்த இடம் காஷான் என்று அதன் விளிம்பிலேயே எழுதியிருக்கிறது. அதன் பிறகு மினுக்கு ஓட்டில் தேதி கிடைப்பது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. பல நிற ஓடுகளைச் சின்னச் சின்னதாக வெட்டி ஒட்டும் வேலைப்பாடு ஈரானின் சுவர்களைப் பிடித்துக்கொண்டது. அதற்கு மூன்று நாள் புகை வேண்டியதில்லை, வெள்ளியும் வேண்டியதில்லை.